மங்காத புருவம்

போன கிழமை ஜவுபர் வந்து போனதிலிருந்து முகைதீன்பாவாவின் வீட்டில் அவர், மகள் சுல்பிகா, பேத்தி றுஸ்தா மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்ப்பதில்லை. பார்த்தால் கண் புருவத்தில்தான் போய் நிற்கிறது.

ஜவுபர் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர். குவைத்தில் முன்பு வேலை செய்த வீட்டு எசமானி, அந்த மடம், சுல்பிகாவைத் திரும்பக் கேட்கிறாள், விசா வந்துவிட்டது, இரண்டு வருடம் என்று சொல்லி அவளுடைய பாஸ்போட்டை வாங்கிக்கொண்டு போனார். வாசலில் நின்று ஒரு சொல் கூடச் சொன்னார்.

"புதுப் படம் ஒண்டு வேணும் தங்கச்சி. வியாழக்கிழமை அசர் தொழுகைக்கு முந்தி. குவைத்தில எடுத்த பழைய படத்தில ரெண்டு புருவமும் முழுசா இரிக்கி. இப்ப அப்பிடி இல்லாட்டி ஆள் வேற எண்டு திருப்பிருவாங்க."

இன்று அந்த வியாழக்கிழமை. நோன்பு பன்னிரண்டு.

முகைதீன்பாவாவுக்கு நோன்பில் பசி பெரிய விசயமில்லை. தாகமும் இல்லை. பொய் சொல்லக்கூடாது என்பதுதான் அந்த மனுசனை வாட்டும். மற்றப் பதினொரு மாதமும் கல்முனைச் சந்தியில் அவரைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். நோன்பு மாதத்தில் அவரும் ஊமை, சந்தியும் வெறிச்சோடிக் கிடக்கும்.

அதனால்தான் காலையில் மகள் சுல்பிகா கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "வாப்பா, உண்மையச் சொல்லுங்க, இது உங்களுக்கு எப்பிடித் தெரியிது?" என்று கேட்டபோது அவர் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"கேக்கிறன் எலுவா?"

"கறுப்பா இரிக்கி."

"அது எனக்கும் தெரியும். எப்பிடிக் கறுத்த எண்டுதான் தெரியா."

அதுதான் விசயம்.

சுல்பிகாவின் இடது புருவத்தைக் கடல் இரண்டாக வெட்டியது. நாலரை வருடத்துக்கு முன் சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், தண்ணீரோடு வந்த கதவுப் பலகை ஒன்று அவள் நெற்றியில் அடித்தது. ஒரு கையில் ஐந்து வயது றுஸ்தா, மறு கையில் தென்னை மரம். தடுக்கக் கை இல்லை. கடற்கரைக்கு மீன் வாங்கப் போன புருசன் இப்றாஹிம் திரும்பி வரவில்லை.

அடுத்த வருடம் கழிந்து அவள் குவைத்துக்குப் போனாள். அங்கே மடம், ஒரு பெருநாளைக்குத் தான் சலூனுக்குப் போகும்போது இவளையும் கூட்டிப் போய், தழும்பை மறைக்க ஊசியால் இரண்டு புருவமும் கீறுவித்தாள். இவளைக் கேட்டுச் செய்யவில்லை. பிறகு ஒருமுறை மங்கும்போது திருப்பியும் கீறுவித்தாள்.

பெப்ரவரியில் ஊருக்கு வந்து இறங்கியபோது அந்தப் புருவம் கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு. பஸ்ஸால் இறங்கியவளின் பின்னால் ஒரு காகம், தன் சொந்தக்காரரைக் கண்டதுபோல், வீடு வரை வந்ததாக முகைதீன்பாவா சொல்லியிருக்கிறார். அது நோன்புக்கு முன் சொன்னது.

பச்சை குத்துவது கூடாதே என்று தெருவில் பெண்கள் கதைத்தார்கள். பள்ளிவாசல் மௌலவியின் மனைவி ஹப்ஸா வந்து, "நீ கேட்டுச் செய்யல்ல. அல்லாஹ்ட்ட மன்னிப்புக் கேட்டுத் தௌபாச் செய்துக்க. தோலையா உரிக்கிற? தன்பாட்டில மங்கும்" என்று சொன்ன பிறகு கதை அடங்கியது. சுல்பிகாவும் அது மங்கட்டும் என்றுதான் இருந்தாள்.

மங்கியும் வந்தது. போர் முடிந்தது என்று றேடியோ சொன்ன மே மாதத்தில் புருவம் கபில நிறம். ஜூலையில் பழைய ஓட்டு நிறம். தழும்பு உள்ள இடத்தில் முழுக்கப் போய், வெள்ளைக் கோடு வெளியே தெரிந்தது.

நோன்பு பிறந்ததும் அது திரும்பக் கறுக்கத் தொடங்கியது.

ஒரு நாளைக்குக் கொஞ்சம். முதலில் வலது. பிறகு இடது. இப்போது இடது புருவம் வலதை விட ஒரு விரல் உயர்ந்து, எதையோ கேட்டு அதிசயப்பட்டதுபோல் நிற்கிறது. சுல்பிகா கோபமாக இருந்தாலும், சோகமாக இருந்தாலும், கஞ்சிக்கு உப்புப் பார்த்தாலும், இடது பக்கம் மட்டும் அதிசயம்தான்.

"இப்பிடிப் படம் எடுக்க ஏலா வாப்பா. ரெண்டையும் சரி பண்ணிக்கணும். காரைதீவில ஒரு பிள்ளை ஊசியால புருவம் கீறுதாம், கொழும்பில படிச்ச பிள்ளையாம். பெய்த்து வருவம்."

"திருப்பியும் கீறப் போறயா? தௌபாச் செய்த எலுவா?"

சுல்பிகா ஜன்னலால் பக்கத்து வளவைப் பார்த்தாள். அங்கே றுஸ்தாவுக்கென்று கட்டும் வீடு, ஜன்னல் மட்டம் வரை சுவர் எழும்பி, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. றுஸ்தாவுக்கு வயது பத்து. கல்யாணத்துக்கு இன்னும் பத்து வருடம் இருக்கிறது. ஆனால் இந்த ஊரில் பெண் பிள்ளைக்கு வீடு இல்லாமல் மாப்பிள்ளை இல்லை. தொட்டிலும் அத்திவாரமும் ஒரே நாளில் வேண்டும்.

"நீ போ மகள்" என்றார் முகைதீன்பாவா. "றுஸ்தாவ நான் பாத்துக்குவன். எனக்கென்ன?"

இது பொய்யா என்று அவருக்கே ஐமிச்சம் வந்தது. நோன்பு முறிந்திருக்குமோ என்று கொஞ்ச நேரம் யோசித்தார்.

அவருக்கென்ன என்பதில் ஒரு பெரிய விசயம் இருந்தது. அவருடைய தாடி. அறுபத்தெட்டு வயதில் தலை கொக்கு நிறம். தாடி மட்டும் கரிச்சட்டி நிறம். கடல் வந்த வருடத்தில் அந்தத் தாடியும் வெள்ளையாகத்தான் போனது. பிறகு எப்படிக் கறுத்தது என்பதற்கு அவரிடம் ஒரு கதை உண்டு.

இறக்காமத்தில் வயற்காவலுக்குப் போனாராம். ஒரு கொம்பன் வந்ததாம். இவர் ஸலாம் சொன்னாராம். அது குளத்துச் சேற்றைத் தும்பிக்கையால் அள்ளி இவர் முகத்தில் ஊதிவிட்டுப் போனதாம். தொப்பி போட்டிருந்ததால் தலை தப்பியது. சேறு பட்ட இடமெல்லாம் கறுத்தது. இதைக் குவைத்துக்குத் தொலைபேசியிலேயே சொல்லியிருந்தார்.

உண்மை, பழைய றேடியோப் பெட்டிக்குள் ஒரு சின்னப் போத்தலில் இருந்தது. கல்முனையில் வாங்கினால் ஊர் அறியும் என்று அக்கரைப்பற்று வரை பஸ் ஏறிப் போய் வாங்கி வரும் சாயம். தாடிக்குக் கறுப்பு அடிப்பது பள்ளிவாசலில் நல்ல பேர் எடுக்கும் காரியமில்லை.

அந்தப் போத்தல் பத்து நாளாய்க் குறைந்துகொண்டே போனது. அவர் நூல் கட்டி அடையாளம் வைத்தும் பார்த்தார். நூல் அங்கேயே நின்றது, சாயம் கீழே இறங்கியது. யாரிடம் கேட்பது? ஜின்கள் தாடிக்குச் சாயம் அடிக்குமா என்று மௌலவியிடம் கேட்டால், அவர் ஜின்னைப் பற்றிக் கேட்கமாட்டார், தாடியைப் பற்றித்தான் கேட்பார்.

நோன்புக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை. அதனால் றுஸ்தாவும் ஓட்டோவில் ஏறினாள். வழமையாய் ஓட்டோவில் ஏறினால் வாய் மூடாத பிள்ளை. இன்று தலைக்குப் போட்ட முந்தானையைக் கடித்துக்கொண்டு மூத்தாப்பா முகைதீன்பாவாவின் மடியோடு ஒட்டியிருந்தாள்.

சாய்ந்தமருது தாண்டினார்கள். மாளிகைக்காட்டுக்கு அங்கால் செக்பொயிண்ட். முன்பென்றால் எல்லாரையும் இறக்கி நடக்க விடுவார்கள். இப்போது ஆமிக்காரப் பொடியன் நிழலில் நின்றபடி அடையாள அட்டையை மட்டும் கேட்டான். சுல்பிகாவின் அட்டையைப் பார்த்துக் கொடுத்தான். முகைதீன்பாவாவின் அட்டையைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். திரும்ப அட்டையைப் பார்த்தான்.

கடலுக்குப் பிறகு எடுத்த அட்டை அது. படத்தில் தாடி பாலாய் வெள்ளை.

"ஐயா, இது ஒங்க அப்பா போட்டோவா?"

ஓட்டோக்காரர் சிரிப்பை இருமலாக மாற்றினார்.

முகைதீன்பாவாவின் வாய் வரை கொம்பன் வந்துவிட்டது. நோன்பு அதைத் தும்பிக்கையில் பிடித்து நிறுத்தியது.

"நான்தான் மகன்" என்றார்.

"எப்பிடிக் கறுப்பு?"

"அல்லாஹ் நாடினா எல்லாம் கறுக்கும்."

பொடியன் தலையைச் சொறிந்து கையைக் காட்டினான். ஓட்டோ நகர்ந்தது. சுல்பிகா வாப்பாவின் தாடியைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் இடது புருவம் அதிசயப்பட்டது. அது எப்போதும் படுவதுதான் என்று அவர் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

காரைதீவுச் சந்திக்குப் பக்கத்தில், வீட்டின் முன் அறையில் சுலக்சனாவின் பியூட்டி பாலர். கல்யாணப் பெண்களுக்குச் சோடிக்கிற பிள்ளை. வயது இருபத்தெட்டு இருக்கும். ஆம்பிளைகளுக்கு உள்ளே அனுமதி இல்லை என்பதால், முகைதீன்பாவா திரைக்கு இந்தப் பக்கம் கதிரையில் உட்காரவைக்கப்பட்டார். திரை மெல்லிய துணி. சொல் ஒன்றும் வீணாகாமல் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது.

"இஞ்ச வெளிச்சத்துக்குத் திரும்புங்க அக்கா. எப்ப கீறின?"

"முதல் ரெண்டாயிரத்தி ஏழில. மறுகா போன வருசம் நோம்புக்கு முந்தி."

"அப்ப ஒரு வருசம் முடிஞ்சிட்டு. சரியான கணக்குத்தான். இது தோலுக்கு மேலால போடுற மை. ஒரு வருசம், ஒண்டரை வருசத்தில பாதி போகும். போகக்குள்ள சிவப்படிக்கும். வெயில், உப்புக் காத்து, சவுக்காரம் எல்லாம் சேந்து இழுக்கும். தழும்பில இன்னும் சுறுக்காப் போகும், அந்த இடத்தில மை பிடிக்காது."

"அப்பிடித்தான் போன."

"பாதி போய், கோடு மட்டும் தெரியிற நேரந்தான் திருப்பிப் போடுற. அதுக்கு முந்திப் போட்டா மைக்கு மேல மை ஏறி நீலம் பாரிச்சுரும். முழுக்கப் போக விட்டா முதல்ல இருந்து கீறணும். அதுசரி..."

சத்தம் நின்றது. முகைதீன்பாவா கதிரையை அரை அடி முன்னே இழுத்தார்.

"அக்கா, உங்களுக்குப் பாதி போகல்லயே. இது புதுசா இரிக்கே."

"அதான் சொல்ல வந்த தங்கச்சி. மங்கித்தான் இருந்த. நோம்பு துவங்கினத்துக்குப் பிறகு தன்பாட்டில கறுக்குது."

"கறுக்காது."

"கறுக்குது."

"அக்கா, மைக்கு இறங்கத்தான் தெரியும். ஏறத் தெரியாது." பஞ்சு எடுக்கும் சத்தம். எண்ணெய்ப் போத்தல் திறக்கும் சத்தம். "கண்ண மூடுங்க... இஞ்ச பாருங்க பஞ்ச."

"கரி!"

"கரியில்ல." சுலக்சனா முகர்ந்து பார்த்தாள் போலிருக்கிறது. "தலைக்கு அடிக்கிற சாயம். எங்கட அப்பா மீசைக்கு அடிக்கிற, அதே மணம். ஆரக்கா இத உங்களுக்குப் பூசின? கண்ணுக்குள்ள போனா என்ன ஆகும் தெரியுமா? தோலும் சிவந்து போய் இரிக்கு."

"எனக்கு ஆர் பூசிற? எங்கட ஊட்டில சாயம் ஏது? வாப்பாட தாடி கூட..."

திரை விலகியது. ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெள்ளைத் தழும்பு, நடுவில் இரண்டு கண். சுல்பிகா அப்படி வந்து நின்றாள்.

"வாப்பா."

"ம்."

"கொம்பன் கதைய இப்ப, நோம்போட, ஒருக்காச் சொல்லுங்க பாப்பம்."

முகைதீன்பாவா தஸ்பீஹைப் பார்த்தார். கொம்பன் தூரத்தில் திரும்பிப் பார்க்காமல் நடந்து போனது.

"போத்தல் என்ட" என்றார். "வேலை என்ட இல்ல."

"மறுகா ஆர்ர?"

கதிரைக்குப் பின்னால் விம்மல் ஒன்று கேட்டது. றுஸ்தா மூத்தாப்பாவின் சட்டைக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டிருந்தாள்.

"நீயா புள்ள?" என்றாள் சுல்பிகா.

"நீங்க லுஹர் தொழுதுட்டு நித்திர கொள்ளக்குள்ள... நெருப்புக்குச்சியால."

"ஏன்டி?"

"நீங்கதானே சொன்ன!"

"நான் என்ன சொன்ன?"

"வந்த அண்டைக்குக் கேட்டன் எலுவா, உம்மா, திரும்ப எப்ப போவீங்க எண்டு. இந்தப் புருவம் மங்கினாப் போவன், மடம் கீறித் தருவா எண்டு சொன்ன. மங்கிட்டே வந்த. நான் ஒவ்வொரு நாளும் பாத்தன். அதான்..." பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. "மங்காட்டிப் போக மாட்டீங்க எலுவா?"

சுலக்சனா பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்பக்கம் திரும்பி நின்றாள். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

சுல்பிகா குனிந்து பிள்ளையை இழுத்து அணைத்தாள். அவள் நெற்றியில் இருந்த எண்ணெயும் சாயமும் றுஸ்தாவின் முந்தானையில் ஒட்டியது.

"அது பகிடிக்குச் சொன்ன, மகள்."

"எனக்கென்ன தெரியும்?"

"நான் போற உனக்கு ஊடு கட்டத்தானே?"

"எனக்கு ஊடு வேணா. நீங்க இல்லாட்டி அந்த ஊட்டில நான் ஆரோட இரிக்கிற? மூத்தாப்பாவுக்கு மயக்கம் வார. போன வருசம் ரெண்டு தரம் வந்த. உங்களுக்குச் சொல்ல வேணா எண்டு சொன்னாரு."

முகைதீன்பாவா எழும்பி வெளியே போகலாமா என்று பார்த்தார். ஓட்டோ தூரத்தில் நின்றது.

"இருங்க வாப்பா" என்றாள் சுல்பிகா. குரல் உயரவில்லை. அதுதான் அவரை உட்கார வைத்தது. "தாடிக்கு ஏன் அடிச்ச?"

நோன்பு. வேறு வழியில்லை.

"நீ போன முதல் வருசம் என்ட படம் ஒண்டு அனுப்பின. ஞாபகமா? அதப் பாத்துட்டுப் போனில அழுத. வாப்பா கிழவனாப் பெய்த்தீங்க, நான் வாறன் எண்டு. வந்திருந்தா அக்கிரிமன்ட முறிச்சிட்டு வந்திருப்பாய். அண்டைக்கே அக்கரைப்பத்துக்குப் பஸ் ஏறின." அவர் தாடியைத் தடவினார். "வாப்பா வாலிபனா இரிந்தா நீ கவலையில்லாம இரிப்பாய் எண்டு நினைச்ச. வேற ஒண்டுமில்ல."

சுல்பிகா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கையால் வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அவர் எழும்ப, அது சிரிப்பாய் வெடித்தது. கண்ணிலும் தண்ணீர்தான். இரண்டும் சேர்ந்து வந்தது.

"ஒரே போத்தல், வாப்பா! நீங்க அடிச்ச நான் போக. இவ அடிச்ச நான் நிக்க."

சுலக்சனாவும் சிரித்துவிட்டாள். "பேத்திக்கிட்ட தோத்துட்டீங்க ஐயா."

"அவ நெருப்புக்குச்சியால அடிச்சவ" என்றார் முகைதீன்பாவா மரியாதையாக. "நான் பிரஷால."

சுலக்சனா மீதிச் சாயத்தையும் துடைத்தாள். தோல் சிவந்து தடித்திருந்தது.

"அக்கா, இண்டைக்கு ஊசி வைக்க மாட்டன். இந்தத் தோலில மை நிக்காது, புண்ணாப் போகும். குறைஞ்சது ஆறு கிழமை விடுங்க. ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் கிட்ட வாங்க, பாப்பம்."

"வர மாட்டன் தங்கச்சி."

"வேறாக்களிட்டப் போகப் போறீங்களா?"

"இல்ல. இனிக் கீறல்ல."

அவ்வளவுதான் சொன்னாள். முகைதீன்பாவாவின் நெஞ்சில் நாலு வருடமாய் யாரோ வைத்திருந்த நெல் மூட்டை ஒன்றை யாரோ தூக்கி இறக்கியதுபோல் இருந்தது. எழும்பிப் பார்த்தார். உயரமும் கொஞ்சம் கூடியிருப்பதாகப் பட்டது. அதை வெளியே சொல்லவில்லை.

ஓட்டோவில் ஏறியதும் சுல்பிகா ஜவுபரை அழைத்தாள். போனைக் காதில் வைக்காமலே அவர் சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"படம் எடுத்தாச்சா தங்கச்சி?"

"இல்ல ஜவுபர் நானா. நான் போகல்ல. பாஸ்போட்டத் தாங்க, வந்து எடுக்கிறன்."

ஓட்டோ காரைதீவுச் சந்தியைத் தாண்டியது.

"தங்கச்சி, அது நேத்தே கொழும்புக்குப் பெய்த்தே. ஆபிஸில குடுத்தாச்சு. படம் பிந்திக் கிடைச்சாலும் பரவாயில்ல எண்டு சொல்லிட்டாங்க. திங்கக்கிழமைக்கு டிக்கெட்டும் போட்டாச்சு."

அப்படியென்றால் புருவம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்க இன்னும் நேரம் இருக்கிறது.

"கொழும்புக்கு நான் பெய்த்து வாறன்" என்றார் முகைதீன்பாவா. "சனிக்கிழமை விடிய வெள்ளாப்பில பஸ்."

"மயக்கம் வந்தா?" என்றாள் சுல்பிகா.

"நானும் போறன்" என்றாள் றுஸ்தா.

செக்பொயிண்டில் அதே பொடியன். அட்டையைக் கேட்கவில்லை. தாடியைப் பார்த்துச் சிரித்துக் கையைக் காட்டினான்.

அன்று நோன்பு திறக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, முகைதீன்பாவா முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். றுஸ்தா தேங்காய் எண்ணெயும் பழந்துணியுமாய் அவர் தாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கொழும்பில் அட்டையைக் காட்டினால்தான் பாஸ்போட் கையில் தருவார்கள். அட்டையில் இருப்பவர் வெள்ளைத் தாடிக்காரர். எண்ணெய்க்குப் போகாத இடத்தைச் சனிக்கிழமைக்கு முன் கத்தரித்துவிடலாம் என்று முடிவாகியிருந்தது.

"மூத்தாப்பா, உள்ள வெள்ளையா வருது."

"வரட்டும்."

சுல்பிகா கஞ்சிக் கோப்பைகளைப் பாயில் வைத்தாள். இடது புருவத்தின் அதிசயம் போய்விட்டது. ஓட்டு நிறத்தில் ஒரு மெல்லிய கோடு, நடுவில் வெள்ளைத் தழும்பு. நோன்பு பிறந்த பிறகு முதல் தடவையாக அவள் முகம் முழுக்க ஒரே விசயத்தைச் சொன்னது.

றுஸ்தா துணியை வைத்துவிட்டு உம்மாவின் நெற்றியைத் தொட்டாள்.

"உம்மா, இனி இது மங்கினா?"

"மங்கட்டும்."

"முழுக்கப் போனா?"

"போகட்டும் புள்ள. நான் இஞ்சதான்."

பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. முகைதீன்பாவா பேரீச்சம் பழத்தை வாயில் வைத்து, தண்ணீர் குடித்து, கஞ்சியில் இரண்டு மிடறு இழுத்து, நீண்ட ஏப்பம் ஒன்று விட்டார். பிறகு றுஸ்தாவின் பக்கம் சரிந்தார். பகலெல்லாம் அடக்கி வைத்திருந்தவை தொண்டையில் நெரிசல்பட்டன.

"கொழும்பில அந்த ஆபிஸ் எங்க இரிக்கி எண்டு உங்களுக்குத் தெரியுமா மூத்தாப்பா?"

"தெரியுமாவா?" என்றார் அவர், வெள்ளையும் கறுப்புமான தாடியை நீவியபடி. "அந்த ஆபிஸ் வாசலில நிக்கிற யானை, இறக்காமத்துக் கொம்பனுக்குச் சொந்தத் தம்பி."